பல்லைப் புடிச்சுப் பாத்தியா, நைனா?

வா நைனா, வா. தூரத்துல பாக்கச் சொல்ல, ஷேர் ஆட்டோவுல ரெண்டு பொணத்தை நிமித்தி ஒக்கார வச்சு இட்டுகினு வர்றியோன்னு பயந்துட்டேன். கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது, ஸ்பீக்கர் பெட்டி. எறக்கு. இந்தத் திண்ணையில வை. மெதுவா வைடா, பெட்டிக்கு உசுரு போயிருந்தாலும் என் திண்ணைக்கு இன்னும் உசுரு இருக்குது.

எவ்ளோ குடுத்த? நாலாயிரமா? ஒண்ணுக்கா, ரெண்டுக்கும் சேத்தா? சேத்துதானா, சரி, ஏதோ புண்ணியம் பண்ணியிருக்கற. காயலான் கடைக்காரன் இன்னா கதை சொன்னான்? பர்மா பஜார் சரக்கு, டாக்டர் வூட்ல இருந்தது, பொண்ணை அமெரிக்காவுல கட்டிக் குடுத்துட்டு அவுங்களும் அங்கயே போய்ட்டாங்க, அதான் எடைக்கு வந்துச்சுன்னு சொன்னானா? சொல்லியிருப்பான். நம்ம மணவாள நகர்ல இருக்குற டாக்டருங்களைவிட டாக்டர் வூட்டு ஸ்பீக்கருங்க ஜாஸ்தி நைனா.

எங்கப்பா மாட்டுத் தரகர். சந்தைக்குப் போனா மொதல்ல வாயைத் தொறந்து பல்லைப் பாப்பாரு. எட்டுப் பல்லும் மொளைச்சுக் கடை சேர்ந்துடுச்சா, இல்ல தேய ஆரம்பிச்சுடுச்சா. அப்புறம் சுழி பாப்பாரு, வாலைப் புடிச்சுப் பாப்பாரு, பத்தடி நடக்க வுடுவாரு. எல்லாம் முடிஞ்சப்புறம் துண்டைக் கைமேல போத்திகினு உள்ளாற வெரலைப் புடிச்சு வெலை பேசுவாரு. ஒரு வெரலைப் புடிச்சா ஒண்ணு, மொத்தக் கையையும் புடிச்சா அஞ்சு. சுத்தி நூறு பேரு நின்னாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. அவுரு ஒண்ணு சொல்லுவாரு: மாட்டைப் பாத்து 'லட்சணமா இருக்குதுப்பா'ன்னு சொல்றவன் வாங்க மாட்டான், நொட்டை சொல்லிகினே சுத்திச் சுத்தி வர்றான் பாரு, அவன்தான் வாங்குவான்.

நீ இன்னா பண்ண? கடைக்குள்ள காலை வச்சதும் 'ஆஹா, விண்டேஜ்'னு கூவியிருப்ப. அந்த ஒரு வார்த்தைக்கே ரெண்டாயிரம் போட்டிருப்பான். பழசுன்னா கிலோ கணக்குல வெலை, விண்டேஜ்னா கதை கணக்குல வெலை. நானும்தான் விண்டேஜ். என்னை எவனாவது நாலாயிரத்துக்குக் கேட்டானா?

சிரிக்காத. நான் இந்த வயசுல உன்னாண்ட இத்தப் பேசறதுக்குக் காரணம் இருக்குது. முப்பது வருஷம் மைக் செட்டு வச்சிகினு இருந்தவன் நானு. இன்னிக்கு நீங்க சவுண்ட் சர்வீஸ்னு சொல்றீங்களே, அதோட தாத்தா. ஆடி மாசம் வந்துச்சுன்னா வூட்ல தூங்க மாட்டேன். பெரியபாளையம் போற வழியெல்லாம் ஊருக்கு ஊரு கூழ் ஊத்துவாங்க, ஊருக்கு ஊரு குழாய் ஸ்பீக்கர் கட்டணும். சவுக்குக் கொம்பு இல்லன்னா பனைமரம், பனைமரம் இல்லன்னா வேப்பமரம். காலையில எல்.ஆர். ஈஸ்வரி பாட்டுல ஆரம்பிச்சா ராத்திரி திருவிளையாடல் ஒலிச்சித்திரத்துல போய் நிக்கும். படம் 1965ல வந்தது, நான் அந்த ரெகார்டை இருவது வருஷம் கழிச்சும் போட்டுகினு இருந்தேன். தருமி பொலம்பற எடத்துல ஊசி தேஞ்சு அவுரு ரெண்டு தபா பொலம்புவாரு. ஜனங்க அதான் வசனம்னு நெனைச்சிகினு இருந்தாங்க. 1984ல 'விதி' வந்தப்புறம் கோர்ட்டு சீனு கேசட்டு. டீக்கடை, கல்யாண வூடு, காது குத்துன்னு ஒரு வித்தியாசம் இல்ல. காது குத்தற கொழந்தை அழுவுது, மேல வக்கீல் கத்தறாரு.

ஒரு ஆடியில, ஊரு பேரு வேணாம், ஸ்பீக்கர் கொரலு அடைச்சுப் போச்சு. அம்மன் பாட்டு, ஜலதோஷம் புடிச்ச மாதிரி வருது. ஆம்ப்ளிஃபையரை மாத்தினேன். மைக்கை மாத்தினேன். வயரை மொத்தமா உருவி வேற போட்டேன். குழாய்க்குப் பின்னால இருக்குற யூனிட்டைக் கழட்டி, உள்ளாற டயஃப்ரம் போச்சுன்னு முடிவு கட்டி, கையில இருந்த காசுக்குப் புதுசு வாங்கியாந்து போட்டேன். அப்பவும் ஜலதோஷம். கடைசியில ஒரு பொடிப்பையன் மரத்துமேல ஏறி, குழாய் வாயில கையை வுட்டு, மண்ணா எதையோ பேத்துக் கீழ போட்டான். குளவிக் கூடு! நான் நாலு நாளு வைத்தியம் பாத்தது குளவிக்கு. அன்னியிலேர்ந்து எந்த ஸ்பீக்கரு வந்தாலும், செலவே இல்லாத கோளாறு எதுன்னுதான் மொதல்ல பாக்கறது.

இப்ப உன் கதைக்கு வா. வலது பக்கம் கரகரன்னு வருதா? சரி, அது வலது பெட்டியோட கரகரப்பா, இல்ல உன் ஆம்ப்ளிஃபையரோட கரகரப்பா? தெரியாதா? தெரிஞ்சிக்காமலே ஆட்டோவுக்கு எரநூறு குடுத்தியா? பேசாம எடது வயரை வலது பெட்டிக்கும் வலது வயரை எடது பெட்டிக்கும் மாத்திப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கரகரப்பு எடது பக்கம் ஓடிப் போச்சுன்னா பெட்டி மேல குத்தமில்ல, ஆம்ப்ளிஃபையரோ வயரோ பாட்டு வர்ற மெஷினோதான். அங்கயே நின்னுச்சுன்னா பெட்டி. கம்பெனியில ஒரு மெஷின் நின்னா இப்டிதான மாத்தி மாத்திப் போட்டுப் பாப்பீங்க? கக்களூர் சிட்கோவுல இத்தப் பண்ணா சம்பளம், உன் வூட்ல பண்ணா கௌரவக் கொறைச்சலா?

அந்த முன்பக்கத் துணியைக் கழட்டு. ஐயய்யோ. ஐயய்யயோ. பாத்தியா, வூஃபரைச் சுத்தி இருந்த ஃபோம் எங்க? தொட்டா கையில பொடியா ஒட்டுது பாரு, பழைய வெல்லம் மாதிரி. அந்தக் காலத்துக் கம்பெனிக்காரங்க காயிதக் கோனுக்கு ஓரத்துல நுரை ஃபோமை ஒட்டினாங்க, கோன் நல்லா முன்ன பின்ன ஆடணும்னு. நல்லாத்தான் ஆடுச்சு. ஆனா அது பாலியூரித்தேன். உன் கம்பெனியில சேஃப்டி ஷூ குடுக்கறாங்களே, அத்தப் போடாம ரெண்டு மூணு வருஷம் பரண்ல வச்சிட்டு எடுத்து மாட்டினா இன்னா ஆவும்? நாலடி நடக்கறதுக்குள்ள அடிப்பாகம் கேக்கு மாதிரி உதிரும். அதே சாமான்தான், அதே வியாதிதான். காத்துல இருக்குற ஈரம் உள்ள பூந்து அதோட பின்னலை அறுத்துடும். மூடி வச்சா நல்லா இருக்கும்னு நெனைக்காத, சும்மா இருந்தாலும் அழுவும். பூண்டி ஏரி ஒரு பக்கம், கடக்காத்து ஒரு பக்கம். நம்ம ஊரு ஈரத்துல ஃபோம் இருவது வருஷம் நின்னாலே அது தவசி. ரப்பர் ஓரம் போட்ட பெட்டி ரொம்ப நாளு நிக்கும். அதுக்கும் முந்தின துணி ஓரம் இன்னும் அப்டியே இருக்குது, எங்க காலத்துக் கோமணம் மாதிரி.

மூஞ்சியைத் தொங்கப் போடாத. ஃபோம் போறதுங்கறது கட்டிலுக்குக் கயிறு போறது மாதிரி. கயிறு அறுந்தா கட்டிலை அடுப்புல வைப்பியா? மெட்ராஸ்ல ரிச்சி தெருவுல கேட்டா ஃபோம் ரிங்கு கெடைக்கும். வெளி அளவு, உள் அளவு, கோன் அளவு மூணையும் சரியா எடுத்துகினு போ, 'எட்டு இஞ்சு குடு'ன்னு மட்டும் கேட்டுடாத. எட்டு இஞ்சுலயே ஒம்பது சாதி இருக்குது. பழைய பசையை முழுசா சொரண்டி எடுக்கணும். கோன் காயிதம் கிழியக் கூடாது, அவசரப்படாத, அது ஒரு சாயங்காலத்து வேலை இல்ல. நடுவுல குமிழ் மாதிரி இருக்குதே டஸ்ட் கேப், அத்தப் பதமா அறுத்து எடுத்துட்டு, உள்ளாற காயிலுக்கும் நடு இரும்புக்கும் சந்துல பழைய எக்ஸ்ரே பிலிமை மெல்லிசாக் கத்தரிச்சு நாலு பக்கமும் சொருவணும். அப்பதான் காயில் நட்ட நடுவுல நிக்கும். அப்புறம் ஃபோமை ஒட்டு, காய வுடு, பிலிமை உருவு, மூடியை ஒட்டு. ஒண்ணை மட்டும் மாத்திட்டு இன்னொண்ணு 'பரவால்ல, ஓடுது'ன்னு வுட்டுடாத. ஒரு எருதுக்கு மட்டும் லாடம் அடிச்சா வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்னு உனக்குத் தெரியாதா? தெரியாது, நீ ஸ்கூட்டி ஓட்டறவன்.

ஃபோம் வெறும் தோலு. உசுரு உள்ள இருக்குது. இப்ப ரெண்டு கட்டை வெரலையும் கோனுக்கு ரெண்டு பக்கமும் சமமா வச்சு, கொழந்தைக்கு வயித்துல வெளக்கெண்ண தடவற மாதிரி மெதுவா அமுத்து. அமுத்தினியா? காதைக் கிட்ட வை. மண்ணுல தேய்க்கற மாதிரி சறக் சறக்னு கேக்குதா? கேக்கலையா? ம். நல்லாக் கேளு. எனக்கு ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு.

இதுக்குள்ள இன்னா நடக்குதுன்னு தெரிஞ்சிகினு அமுத்து. காந்தம் இருக்குது. காந்தத்துக்கு நடுவுல நூலு புகற மாதிரி ஒரு சந்து. அந்தச் சந்துல செப்புக் கம்பிச் சுருள் தொங்குது, எதையும் தொடாம. கரண்டு வந்தா சுருள் ஆடும், சுருள் ஆடினா காயிதம் ஆடும், காயிதம் ஆடினா காத்து ஆடும், காத்து ஆடினா பக்கத்து வூட்டுக்காரன் ஆடுவான். 1925ல அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில ரைஸ், கெல்லாக்னு ரெண்டு பேரு இதை ஒழுங்காச் செஞ்சு காட்டி எழுதி வச்சாங்க. நூறு வருஷம் ஆச்சு, இன்னிக்கு உன் ப்ளூடூத் டப்பாவுலயும் அதே சுருள், அதே காந்தம்தான். எங்க தாத்தா மெரினா பீச்சுல கார்ப்பரேஷன்காரங்க ஸ்பீக்கர் வச்சு ரேடியோ போட்டதைக் கேட்டவரு. 1930ல ஆரம்பிச்சது, ஆல் இண்டியா ரேடியோ மெட்ராஸுக்கு வர்றதுக்கு எட்டு வருஷம் முந்தி. பாடறவனைக் காணோம், பாட்டு மட்டும் வருதுன்னு மணலைத் தோண்டிப் பாத்தாராம். நீ இப்ப அந்தப் பரம்பரையோட வயித்துலதான் கை வச்சிருக்கற. மரியாதையா அமுத்து.

சறக் சறக்னு கேட்டா நாலு காரணம் இருக்கும். தூசியோ இரும்புத் தூளோ உள்ள விழுந்திருக்கும். இல்ல, பின்னால மஞ்சக் கலர்ல சல்லடைத் துணி மாதிரி இருக்குதே ஸ்பைடர், அது பல வருஷம் ஒரே பக்கமாத் தொங்கித் தொங்கி இறங்கியிருக்கும். அதுக்கு ஒரு கைவைத்தியம் இருக்குது, யூனிட்டைக் கழட்டித் தலைகீழாத் திருப்பி மாட்டிடு, எறங்கினது தானா நேராவும். இல்லன்னா காயில் சூடாகி உப்பிப் போயிருக்கும், அப்ப ரீகோன் பண்ணணும், காயிலும் கோனும் புதுசு. பாட்டு வரும், ஆனா வந்தது அந்தப் பழைய பாட்டா இருக்காது. அசல் கோனோட எடையும் வெறைப்பும் வேற, கடைக்காரன் போடற கோனோட எடை வேற. நாலாவது காரணம்தான் எமன். எவனாவது கீழ போட்டு, காந்தமே ஒட்டு வுட்டு ஒரு நூலு நகந்திருந்தா, அந்த யூனிட்டு முடிஞ்சுது. அத்த நகத்தி நேராக்கறேன்னு சுத்தி எடுத்துகினு ஒக்காந்தவன் யாரும் நல்ல வார்த்தை பேசி எழுந்ததில்ல.

மீட்டர் இருக்குதா? வை. ஓமுல வை. எவ்ளோ காட்டுது? ஆறரை. எட்டு ஓம் பெட்டி ஆறு, ஆறரைன்னு காட்டினா ஒழுங்கு. நாலு ஓம்னா மூணு, மூணரை காட்டும். 'எட்டுன்னு எழுதியிருக்குது, ஆறரை காட்டுது, ஒன்றரை ஓம் திருடிட்டான்'னு கடைக்காரன் கிட்ட சண்டைக்குப் போயிடாத. முன்ன ஒருத்தன் போனான். சுழியம் காட்டினா உள்ள ஒட்டிகிச்சு. ஒண்ணுமே காட்டலன்னா எங்கயோ அறுந்துச்சு. ஆனா அறுந்துச்சுன்னதும் காயில் போச்சுன்னு ஒப்பாரி வைக்காத. கோனுக்குப் போற அந்த ரெண்டு பின்னல் வயரைப் பாரு, ஜரிகை மாதிரி இருக்குதே. அது ஆடி ஆடி ஓரத்துல இத்துப் போகும். ஒரு சொட்டு ஈயம் வச்சா உசுரு வந்துடும். எத்தினியோ பேரு ஒரு சொட்டு ஈயத்துக்காக ஸ்பீக்கரை எடைக்குப் போட்டிருக்காங்க, அத்தப் பொறுக்கித்தான் நான் வூடு கட்டினேன். வூடுன்னா இந்தத் திண்ணை.

செவுத்துக் கடிகாரத்துல இருக்குற பேட்டரியைக் கழட்டிக் குடு. ஒன்றரை வோல்ட்டு போதும். இப்ப ப்ளஸ்ஸை ப்ளஸ்ஸுல ஒரு நிமிஷம் இல்ல, ஒரு நொடி தொட்டு எடு. கோன் முன்னால வந்துச்சா? அடுத்த பெட்டி. அதுவும் முன்னால வந்துச்சா? வரலையா, உள்ள போச்சா? அடப்பாவி, எவனோ உள்ளாற வயரை மாத்திப் பத்த வச்சிருக்கான். ஒரு எருது கெழக்க, ஒரு எருது மேக்க. ரெண்டு பெட்டியும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிகினு கெட்டிச் சத்தம் காணாமப் போயிருக்கும். அதான் 'பேஸே இல்ல'ன்னு காயலான் கடைக்கு வந்துச்சு. வயரை மாத்திப் போட்டா போச்சு, காசே இல்லாத வைத்தியம். ம். ஆனா எத்தினி எடத்துல கை வச்சிருக்கானோ, யாரு கண்டா.

மேல இருக்குற ட்வீட்டர் குமிழை மட்டும் தொடாத. தொடாதன்னு சொன்னா தொடறதுதான் உங்க வழக்கம். உள்ள அமுங்கிட்டா ஒட்டு டேப்பை மெல்ல ஒட்டி இழுத்துப் பாக்கலாம், சில நேரம் வரும். ட்வீட்டர் எப்ப சாவும் தெரியுமா? பெரிய ஆம்ப்ளிஃபையரால மட்டும் இல்ல. சின்ன ஆம்ப்ளிஃபையரை வச்சிகினு முழுசாத் திருகி, அது தொண்டை கிழிஞ்சு கத்தறப்பவும் சாவும். கிழிஞ்ச சத்தத்துல கீச்சு கீச்சுன்னு மேல் சத்தம் பெருகி மொத்தமும் அந்தச் சின்ன சுருள் மேல ஏறும். நம்ம ஊரு கட்சிக் கூட்டத்துல இத்த நூறு தபா பாத்திருக்கேன். பேசத் தெரிஞ்சவன் பேசினா ஸ்பீக்கர் பொழைச்சுக்கும்.

உள்ள ஒரு சின்னப் பலகையில கண்டன்சருங்க இருக்குதே, அதான் கிராஸ் ஓவர். கெட்டிச் சத்தத்தைக் கீழ அனுப்பி, மெல்லிசுச் சத்தத்தை மேல அனுப்பற கேட் கீப்பர். அந்தக் கால எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் வருஷம் ஆக ஆக வறண்டு போவும். மேல் சத்தம் மங்கிப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம். ரெண்டு பக்கத்தையும் அதே மதிப்புல புதுசா மாத்து, ப்ளஸ் மைனஸ் இல்லாத கண்டன்சரா கேட்டு வாங்கு. பெரிய செலவு இல்ல. பின்னால திருகற குமிழு கரகரன்னா ஸ்ப்ரே அடிச்சு இருவது தபா திருகு. அவ்ளோதான்.

நம்ம வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துல வெல்லம் கரைச்சா வியாதி கரையும்னு அமாவாசைக்கு அமாவாசை ஜனம் வருது. நீயும் வெல்லம் வாங்கிகினு போனாலும் போவ. கண்டன்சருக்கு அது கேக்காது நைனா.

இப்ப பெட்டியைத் தட்டிப் பாக்கலாம். டொக். டொக்.

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. ப்ளைவுட்டு. சும்மா வெறும் ப்ளைவுட்டு. நல்லவேளை, மரத்தூள் பலகை இல்ல. அதுன்னா 2015 மழையில நனைஞ்சிருந்தா டீயில போட்ட பொறை மாதிரி ஊதிப் போயிருக்கும், திருகாணி நிக்காது, அத்த எவனாலும் திருப்ப முடியாது. அந்த மாதிரி பெட்டி வந்தா யூனிட்டைக் கழட்டிகினு மீதியை அடுப்புல வச்சு வெந்நீர் போடு. இதுல அடியில ஊதல் இல்ல. கரையான் ஓட்டை? இல்ல. மூலையில பேத்துப் பாரு. இல்லையா. சரி, இல்லன்னா போவட்டும்.

யூனிட்டைத் திருப்பு, பின்பக்கம் காட்டு. தோ, இங்க பாரு. காந்தம் தட்டையா அகலமா இல்லாம, சொம்பைக் கவுத்த மாதிரி இருக்குது. கறுப்பு ஃபெரைட்டு இல்ல. இது... அல்நிகோவாட்டம் இருக்குது. அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு. 1931ல ஜப்பான்ல மிஷிமான்னு ஒருத்தர் கண்டுபுடிச்ச வழி. 1978ல ஆப்பிரிக்காவுல ஜைர் தேசத்துல கலவரம் வந்து, கோபால்ட்டு வெலை எகிறிப் போச்சு. கம்பெனிக்காரங்க எல்லாம் ஃபெரைட்டுக்கு ஓடிட்டாங்க. அதனால இது அதுக்கு முந்தின சரக்கா இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே நம்பரா? ஒரே நம்பர்தான். எவனும் மாத்தல.

என் கண்ணு இன்னா பளபளக்குதா? புரை ஆபரேஷன் பண்ணிக்கோன்னு டாக்டரு சொல்லிகினே இருக்காரு, அதான்.

நீ சந்தோஷப்படாத. அல்நிகோவுக்குப் பலம் போயிருந்தாலும் போயிருக்கும். ஓவர் கரண்டு ஓடினா காந்தம் சோர்ந்து போவும். திரும்ப ஏத்த முடியும், ஆனா ஏத்தித் தர்றவனைத் தேடி நீ எங்க போவ? மூர் மார்க்கெட்டு இருந்த காலத்துல சொல்லு, ஊசியிலேர்ந்து யானை வரைக்கும் கெடைக்கும். அது 1985ல எரிஞ்சு போச்சு. அன்னிக்கு நான் வாங்க வச்சிருந்த ஒரு ஜோடி யூனிட்டும் அதோட போச்சு. அட்வான்சு அம்பது ரூபா. அதுவும் இதே சொம்பு மாதிரிதான்... சரி வுடு, அது எதுக்கு இப்ப.

கணக்குக்கு வா. நீ இன்னா பண்ணிகினு இருக்கற தெரியுமா? 'நாலாயிரம் போட்டுட்டேன், ஆட்டோவுக்கு எரநூறு போட்டுட்டேன், அதனால சரி பண்ணித்தான் ஆவணும்'னு நெனைக்கற. அந்த நாலாயிரம் செத்த மாட்டுக்குப் போட்ட புல்லு. அத்தக் கணக்குல சேக்காத. சுத்தமா மறந்துடு. இனிமே எவ்ளோ போவும், போட்டா இன்னா வரும், இவ்ளோதான் கேள்வி. ரெண்டு ஃபோம், ஆறோ எட்டோ கண்டன்சர், ஈயம், பசை. பணம் கம்மிதான். ஆனா கை? ஷிப்டு முடிஞ்சு வந்தா உனக்குக் கண்ணு சொருவுது, இதுல எக்ஸ்ரே பிலிமை நூல் அளவுக்குக் கத்தரிக்கணும். ரிப்பேர்க் கடையில குடுத்தா, 'நாளைக்கு வா'ன்னு சொல்லுவான், அந்த நாளைக்கு எந்தக் காலண்டர்லயும் கெடையாது. நான் ஒரு தபா ஆம்ப்ளிஃபையர் குடுத்தேன், திரும்பி வந்தப்ப என் பேரனுக்குப் பல்லு மொளைச்சிருந்துச்சு.

வாங்கறதுக்கு முந்தி இத்தக் கேட்டிருந்தா ஒரே வரியில சொல்லியிருப்பேன். தேயற சாமான் தேஞ்சிருந்தா வாங்கு. காந்தமும் காயிலும் பெட்டியும் போயிருந்தா தொடாத. ஒரு பக்கம் அசல், ஒரு பக்கம் ஒட்டுன்னா, பொண்ணு பாக்கப் போய்ட்டு வேற வூட்ல பந்தி சாப்ட மாதிரி எழுந்து வந்துடு. கேட்டியா? கேக்கல. இப்ப ஃபோம் மட்டும் போயிருக்குது, அது உன் அதிர்ஷ்டம்... அதிர்ஷ்டம்னு சொன்னேனா? தலைவிதின்னு சொல்ல வந்தேன்.

சரி பண்ணிட்டன்னே வச்சுக்கோ. எங்க வச்சுக் கேப்ப? நம்ம தெரு எப்டிப்பட்ட தெரு? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போறவன், மேல்நல்லாத்தூர் போறவன், ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுல ஏர்றவன்னு எல்லாம் ஷிப்டு. இது பகல்ல தூங்கற ஊரு. 2000லயே சட்டம் போட்டுட்டாங்க, ராத்திரி பத்து மணிலேர்ந்து காலையில ஆறு மணி வரைக்கும் வெளிய ஒலிபெருக்கி கூடாது, குடியிருக்குற எடத்துல பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. உங்க வூட்டு மிக்சி போட்டாலே அந்தக் கணக்குத் தாண்டிடும். பகல்ல போட்டா நைட் ஷிப்டுகாரன் அடிப்பான், ராத்திரி போட்டா பகல் ஷிப்டுகாரன் அடிப்பான், நடுவுல போட்டா உன் பொஞ்சாதி. ஆமா, அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா இது? தெரியாதா! ஒரு ரூம், ஒரு ஹால், அதுல தொட்டில் வேற. இது ரெண்டையும் எங்க நிக்க வைப்ப, தொட்டில் மேலயா?

அதனால நான் இன்னா சொல்றேன்னா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், எனக்கு இதுல ஒண்ணும் ஆகப் போறது இல்ல. இத்த நீ வூட்டுக்குத் தூக்கிகினு போனா சண்டை. காயலான் கடைக்கே திருப்பிக் குடுத்தா ஐநூறு குடுப்பான், அதுவும் சிரிச்சிகினே குடுப்பான். என் திண்ணையில எடம் இருக்குது. கெடக்கட்டும். கோழி ஏறி ஒக்காரும். உனக்கும் மனசு கஷ்டப்படக் கூடாது பாரு, ஆயிரத்து ஐநூறு தர்றேன். அந்த நாலாயிரத்தைத்தான் மறந்துட்டியே.

இன்னாடா பாக்கற? குறுகுறுன்னு பாக்காத. நான் சும்மா சொன்னேன். எக்ஸ்ரே பிலிமா? இருக்குது, மச்சுல ஒரு கட்டு இருக்குது, அது வேற விஷயத்துக்கு எடுத்து வச்சது. டேய், என் தோள்ல இருந்து எதுக்குத் துண்டை உருவற? அது நேத்துத் தோய்ச்சது. கைமேல எதுக்குப் போத்தற? கையை வுடு. வெரலைப் புடிக்காத, கூச்சமா இருக்குது. மொத்தக் கையுமா? அஞ்சா? நாலுக்கு வாங்கிட்டு அஞ்சா? எவண்டா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?

சரி, இழுக்காத. ஒரு வெரலை மடக்கு. ஆட்டோ எரநூறு நான் தர மாட்டேன். அடியே, ரெண்டு டீ போடு, நைனாவுக்குச் சக்கரை தூக்கலா.